டெஸ்டிட்யூட்: கடும் வறுமையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஆங்கிலக் கடிதங்களையும் படிவங்களையும் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். நீதிமன்ற மனு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு வந்த சட்டத்தரணிக் கடிதம், தொண்டு நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம் என்று எதைப் பிரித்தாலும் ‘டெஸ்டிட்யூட்’ என்ற சொல் எங்காவது கிடக்கும். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வருகிறவர்கள் அந்தச் சொல்லில் விரலை வைத்துக் கேட்பவையும், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்பவையும் இங்கே சேர்ந்திருக்கின்றன.

டெஸ்டிட்யூட் என்றால் ஏழை என்றுதானே பொருள்?

ஏழைதான், ஆனால் எல்லா ஏழையும் அல்ல. தோணிக்காரர் ஒருவர் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கையில் காசில்லாமல் இருப்பார். கடையில் கடன் கொப்பியில் எழுதிச் சாமான் எடுப்பார், மனைவியின் சங்கிலி அடகில் இருக்கும். அவரை ஆங்கிலத்தில் ‘பூவர்’ என்பார்கள். கடைக்காரர் கொப்பியை மூடிவிட்டார், அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை, இரவு போய்ப் படுக்க உறவு வீடும் இல்லை என்ற இடத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தால்தான் டெஸ்டிட்யூட். உணவு, உடை, கூரை ஆகியவற்றில் அடிப்படையானதுகூடக் கிடைக்காத நிலை அது. அந்த நிலையின் பெயர் ‘டெஸ்டிட்யூஷன்’.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. ‘ஸ்டாட்டுவெரே’ என்றால் நிறுத்துதல், நிலைநாட்டுதல். அதன் முன்னே ‘டே’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் ‘டெஸ்டிட்டுவெரே’. தனியே நிறுத்திவிட்டுப் போதல், கைவிடுதல், நட்டாற்றில் விடுதல் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. அதன் இறந்தகால எச்சம் ‘டெஸ்டிட்டூட்டுஸ்’, அதாவது கைவிடப்பட்டவர். அதுதான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

இந்த வினையை ரோமானியர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ‘எக்லோக்ஸ்’ என்ற கவிதைத் தொகுதியில் ஓர் இடம் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதன் முதல் கவிதையில் ஓர் இடையன் நடக்கவே முடியாதவற்றை அடுக்கிக்கொண்டு போகிறான்: மான்கள் ஆகாயத்தில் மேயும், கடல் தன் மீன்களைக் கரையில் அம்மணமாக விட்டுப் போகும்... அந்த ‘விட்டுப் போகும்’ என்ற இடத்தில் வருவது இதே வினைதான். உப்புவெளியிலும் சல்லியிலும் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மீனின் நிலையை விளக்க வேண்டியதில்லை. மீனிடம் எதுவும் குறைந்துவிடவில்லை. அதைத் தாங்கி நின்ற தண்ணீர்தான் விலகிப் போய்விட்டது.

அந்தக் கவிதையின் பின்னணியையும் சொல்லத்தான் வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்தபின் படைவீரருக்குக் கொடுப்பதற்காக இத்தாலிய விவசாயிகளின் காணிகள் பறிக்கப்பட்ட காலம் அது. கவிதையில் பேசும் இருவரில் ஒருவனுக்குக் காணி தப்பிவிட்டது. மற்றவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகிறான். சம்பூரிலிருந்து 2006இல் போரால் எழும்பி, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டு கிடந்தவர்கள் அதை வாசித்தால் என்ன நினைப்பார்களோ என்று எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை.

அப்படியானால் முதலில் இதற்கும் பணத்துக்கும் தொடர்பே இருக்கவில்லையா?

பெரிதாக இல்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதன் பொருள் கைவிடப்பட்டது, ஆளற்றது என்பதுதான். பிறகு ‘இன்னது இல்லாத’ என்ற பொருள் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் வாழ வழியில்லாதவர் என்ற இன்றைய பொருள் வேர்பிடித்தது.

1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒருங்கே பார்க்கலாம். சங்கீதம் 102இல் ஆண்டவர் டெஸ்டிட்யூட்டின் மன்றாட்டைக் கேட்பார் என்று வருகிறது. தமிழ் விவிலியம் அங்கே ‘திக்கற்றவர்கள்’ என்கிறது. யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் அன்றாட உணவு இல்லாத சகோதரனுக்கும் இதே ஆங்கிலச் சொல்தான். தமிழில் வெறுமனே ‘இல்லாமல்’ என்று நிற்கிறது. ஒன்று ஆள் இல்லாமை, மற்றது பொருள் இல்லாமை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கைவிடப்பட்டவருக்கு அடுத்து வருவது பசிதான் என்பதை அந்தச் சொல்லைப் பேசியவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள்.

‘இன்ஸ்டிட்யூட்’, ‘கொன்ஸ்டிட்யூஷன்’ போன்ற சொற்களும் இதே மாதிரி ஒலிக்கின்றனவே. உறவு உண்டா?

ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்ஸ்டிட்யூட் என்றால் நிறுவப்பட்டது. கொன்ஸ்டிட்யூஷன் சேர்த்து நிறுத்தப்பட்டது, அரசியலமைப்பு. சப்ஸ்டிட்யூட் ஒன்றின் இடத்தில் நிறுத்தப்பட்டது. ரெஸ்டிட்யூஷன் என்பது இழந்ததைத் திரும்ப அதன் இடத்தில் நிறுத்துதல். காணியைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய ஆவணங்களில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ‘ஸ்டாச்சு’ என்கிற சிலையும் இந்தக் குடும்பந்தான். எல்லாவற்றுக்கும் வேர் நிற்றல்.

இந்த வேர் வடமொழிக்கும் பொது. ஸ்தானம், ஸ்தாபனம், தேவஸ்தானம் என்று நாம் சொல்லும் சொற்களின் ‘ஸ்தா’வும் லத்தீனின் ‘ஸ்டா’வும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை.

பூவர், போப்பர், இண்டிஜென்ட், பெனூரி என்று வேறு சொற்களும் இருக்கின்றனவே?

‘போப்பர்’ லத்தீனில் ஏழை. கொஞ்சமாக விளைவிப்பவர், கொஞ்சமாகப் பெறுபவர் என்பது அதன் பழைய பொருளாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். அதே சொல் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து ‘பூவர்’ ஆயிற்று. ‘போப்பர்’ நேரே லத்தீனிலிருந்து சட்டத்துக்குள் போய், அரசின் உதவியில் வாழ்பவர் என்ற முத்திரையாக மாறிற்று. ‘இண்டிஜென்ட்’ தேவையில் இருப்பவர். ‘பெனூரி’ பற்றாக்குறை, இன்று எழுத்தில் மட்டுமே வாழ்கிறது.

இவற்றில் எதிலும் இன்னொரு ஆள் இல்லை. டெஸ்டிட்யூட் என்ற சொல்லுக்குள் மட்டும் விட்டுப்போன ஒருவர், அல்லது விலகிப்போன ஒன்று, எப்போதும் இருக்கிறது. சொல்லின் பழைய பொருளை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கிலாந்தின் சட்டங்களில் இந்தச் சொல் ஏன் இவ்வளவு வருகிறது?

1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. அதற்கென வரி அறவிட்டார்கள். உதவி கொடுத்தார்கள், கூடவே அவமானத்தையும் கொடுத்தார்கள். 1697ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவி பெறுபவர் தன் வலது கைச் சட்டையில், தோளருகே, சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். போப்பர் என்பதன் முதலெழுத்து, அதனோடு பங்கின் பெயரின் முதலெழுத்து. இந்த விதி 1810இல்தான் நீக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேல் மனிதர்கள் தங்கள் பசியைச் சட்டையில் தைத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார்கள்.

1834இல் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. அதற்கு அடிப்படையான ஆணைக்குழு அறிக்கை ஒரு கோட்டைக் கிழித்தது: உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலை வறுமை, அது அரசின் கவலை அல்ல, உழைத்தும் உயிர்வாழ முடியாத நிலைக்கு மட்டுமே உதவி. அந்த இரண்டாவது நிலைதான் நிருவாக மொழியில் டெஸ்டிட்யூஷன் ஆனது. ஒருவர் உண்மையிலேயே அந்த நிலையில் இருக்கிறாரா என்று எப்படி அறிவது? ‘வேர்க்ஹவுஸ்’ என்ற இல்லத்துக்குள் வரச் சம்மதிக்கிறாரா என்று பார்ப்பார்கள். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். வெளியே கிடைக்கும் ஆகக் குறைந்த கூலி வாழ்க்கையைவிட உள்ளே மோசமாக இருக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட கொள்கை. அதற்கும் சம்மதித்து வாசலில் வந்து நின்றால் அவர் டெஸ்டிட்யூட். கைவிடப்பட்டவரைக் குறித்த சொல், கைவிடப்பட்டதை நிரூபிக்கும் பரீட்சையாகிவிட்டது. 1948இல்தான் ஏழைகள் சட்டத்தின் மிச்சசொச்சமும் ஒழிந்தது.

ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, பட்டினி கிடந்தவர்களை வைத்து ஓட்ஸ் மாவுக்குக் கூலியாகத் தெருப் போட்டார்கள். அவற்றுக்கு ‘டெஸ்டிட்யூஷன் தெருக்கள்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

அந்தச் சட்டங்கள் இலங்கைக்கும் வந்தனவா?

1795இல் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதன்பிறகு ஆட்சியோடு அவர்களின் சட்டப் பார்வையும் வந்தது. முதலில் வந்தது தண்டனைப் பக்கம்: 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம். வேலை செய்யக்கூடியவர் பிச்சை எடுத்துத் திரிந்தால் குற்றம். உதவிப் பக்கம் வர ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது. ஏழைகள் கட்டளைச்சட்டம் 1939இல் வந்தது.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில், கட்டணம் செலுத்த வசதியில்லாதவர் ‘போப்பர்’ ஆக வழக்குத் தொடர இடம் வைத்தார்கள். இந்தியாவின் கோவையிலும் அப்படித்தான் இருந்தது. அங்கே 1976இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘இண்டிஜென்ட்’ என்று மாற்றினார்கள். இங்கே வசதியற்றவர்களுக்காக 1978இல் சட்ட உதவிக்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

‘பிச்சைச் சம்பளம்’ என்பது இதிலிருந்து வந்ததா?

வயோதிபருக்கும் நோயாளிகளுக்கும் மாதாமாதம் அரசு கொடுக்கும் சிறு உதவிப்பணத்தை எங்கள் ஊர்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். படிவங்களில் அது ‘பொதுசன மாதாந்த உதவிப்பணம்’. ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு அல்ல, சனங்கள் வைத்த பெயர். என் மேசைக்கு வரும் கிழவிகள் அந்தப் பெயரைத் தாங்களே தணிந்த குரலில் சொல்வதைக் கேட்கும்போது எனக்குத் தாங்குவதில்லை. வாழ்நாளெல்லாம் தம்பலகாமத்து வயலில் நாற்று நட்டவருக்குக் கிடைப்பது பிச்சை அல்ல. எழுதும்போது நான் ஒருபோதும் அந்தப் பெயரை எழுதுவதில்லை.

அஸ்வெசும பட்டியலில் ‘மிக வறிய’ என்று வருகிறதே, அதுவும் டெஸ்டிட்யூட்டும் ஒன்றா?

ஒன்றல்ல. வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023இல் வந்த அஸ்வெசும திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற 6 துறைகளில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுக் குடும்பங்களை வகுக்கிறது. மிக வறியோருக்குத் தொடக்கத்தில் மாதம் 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து 17,500. வறியோருக்கு 8,500 ஆக இருந்தது 10,000 ஆயிற்று. இது கணக்கு வைத்து அளக்கும் வறுமை. உலக வங்கியின் கடும் வறுமைக்கோடும் அப்படித்தான்: 1990இல் நாளுக்கு 1 டொலர் என்று தொடங்கி, 2022இல் 2.15 டொலர், 2025 ஜூனில் 3 டொலர் என்று உயர்த்தப்பட்டது.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கில்லாமல் உதவி வராது. ஆனால் 22 சுட்டிகளில் எதுவும் ‘உங்களை விட்டுப்போனது யார்?’ என்று கேட்காது. புள்ளிக் கணக்கால் பட்டியலில் விடுபட்ட வீட்டில், கணவன் போய், பிள்ளைகளும் போய், தனியே ஒரு பெண் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மேன்முறையீடு எழுதும்போது வருமானத்தோடு இதையும் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அது தெரிந்திருக்கும். எழுத்தில் இருந்தால்தான் கோப்பில் நிற்கும்.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது?

என் தெரிவு ‘நிர்க்கதி’. எங்கள் பத்திரிகைகளில் வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் ‘குடும்பங்கள் நிர்க்கதி’ என்றுதான் தலைப்பு வரும். கதி என்றால் போகும் வழி, அடையும் புகலிடம். அது அற்றுப்போனது நிர்க்கதி. லத்தீன் சொல் ‘விடப்பட்ட இடத்தில் நிற்கிறார்’ என்கிறது, நம் சொல் ‘போக இடமில்லை’ என்கிறது. ஒரே மனிதரை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தது போலத்தான். ‘திக்கற்ற’, ‘நாதியற்ற’ என்பனவும் பொருந்தும். ‘ஆதரவற்ற’ என்பது இல்லங்களின் பெயர்ப்பலகைகளில் பழகித் தேய்ந்துவிட்டாலும் தவறில்லை.

மிகப் பழைய ‘கையறுநிலை’ இதற்கு இன்னும் கிட்ட வரும். ஆதரித்த தலைவன் இறந்தபின் அவனை நம்பியிருந்தவர்கள் புலம்பும் பாட்டுக்கு இலக்கணத்தில் அந்தப் பெயர். புறநானூற்றில் பாரியின் மகளிர் பாடியதாக உள்ள 112ஆம் பாட்டு அந்தத் துறைதான். சென்ற மாத நிலவில் தந்தை இருந்தான், குன்றும் எங்களுடையது. இந்த மாத நிலவில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை என்கிறார்கள். சோறில்லை என்று சொல்லவில்லை, பொன்னில்லை என்று சொல்லவில்லை. ஆளும் மண்ணும் போனதைத்தான் சொல்கிறார்கள். டெஸ்டிட்யூட் என்ற சொல்லின் முதற்பொருளை எனக்குக் காட்டித்தந்தது அகராதியைவிட இந்தப் பாட்டுத்தான்.

வறுமை, ஏழை, தரித்திரம் எல்லாம்?

வறுமை வறள்தலோடு சேர்ந்தது. வறட்சி, வறள் என்பவற்றின் உறவு. தரித்திரம் வடமொழியில் அலைந்து திரிதலிலிருந்து வந்தது. ஏழை பழந்தமிழில் பேதை, பெண் என்ற பொருளில் வழங்கி, பிற்பாடு பொருளில்லாதவரைக் குறித்தது. திருக்குறளின் 105ஆம் அதிகாரத்தின் பெயர் நல்குரவு, அதுவும் வறுமைதான். அதில் ‘நிரப்பு’ என்ற சொல்லும் இதே பொருளில் வருகிறது: நெருப்பினுள் தூங்கிவிடலாம், நிரப்பினுள் கண்மூட முடியாது என்கிறது 1049ஆம் குறள்.

லண்டனில் இருக்கும் தம்பிக்கு வந்த கடிதத்தில் ‘டெஸ்டிட்யூட்’ என்று எழுதியிருக்கு. அவனைப் பிச்சைக்காரன் என்றா சொல்லுறாங்கள்?

இல்லை, அக்கா. அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கேட்கிற தாய்மார் அழுதும் இருக்கிறார்கள். அங்கே அது சட்டச் சொல். பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் அகதித் தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதற்கு வரைவிலக்கணம் தருகிறது: போதுமான தங்குமிடமோ அதைப் பெறும் வழியோ இல்லாதவர், அல்லது தங்குமிடம் இருந்தும் மற்ற அத்தியாவசியத் தேவைகளைப் பூர்த்திசெய்ய முடியாதவர். முதல்முறை உதவி கேட்பவர் அடுத்த 14 நாளுக்குள் அந்த நிலைக்கு வரக்கூடியவர் என்றாலும் போதும்.

தஞ்சம் கேட்டவரின் விண்ணப்பம் முடிவாகும்வரை அவருக்குத் தங்குமிடமும் சிறு கொடுப்பனவும் கிடைக்க இந்தத் தகுதி வேண்டும். ஆகவே அந்தக் கடிதத்தில் ‘டெஸ்டிட்யூட் என ஏற்றுக்கொள்கிறோம்’ என்று இருந்தால் அது தம்பிக்கு நல்ல செய்தி. ‘அல்ல’ என்று இருந்தால்தான் உடனே சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்றால், எத்தனை நாளுக்கு, எந்த நிபந்தனையில் என்று அந்த நண்பரிடம் கடிதம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அந்த நாட்டிலேயே பிறந்தவர்களுக்கும் இந்தச் சொல் வழங்குகிறது என்பதையும் தாய்மாருக்குச் சொல்வேன். ஜோசப் ரவுண்ட்ரீ அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி 2022இல் அங்கே ஏறத்தாழ 38 இலட்சம் பேர் இந்த நிலைக்கு ஆளாகியிருந்தார்கள். தங்குமிடம், உணவு, வீட்டைச் சூடாக்கும் வசதி, வெளிச்சம், உடை, சவர்க்காரம் போன்ற சுத்தப் பொருட்கள் ஆகிய ஆறையும் வைத்து அந்த ஆய்வு அளக்கிறது.

தாபரிப்பு (வாழ்க்கைச் செலவு கேட்கும்) வழக்கு மனுவில் ‘டெஸ்டிட்யூட்’ என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது மட்டும் போதாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பார்ப்பது, எதிராளிக்குப் போதிய வசதி இருந்தும் பராமரிக்காமல் விட்டாரா, கேட்பவர் தன்னைத் தானே பராமரிக்க முடியாதவரா என்பதையே. எனவே யார் விட்டுப்போனார், எப்போதிருந்து பணம் அனுப்பவில்லை, பிள்ளைகளின் வயது, பள்ளிச் செலவு, வாடகை என்று விவரமாக எழுத வேண்டும். ‘வறிய பெண்’ என்று மட்டும் எழுதினால் வறுமை வானத்திலிருந்து விழுந்தது போல ஆகிவிடும்.

உச்சரிப்பும் இலக்கணமும்?

அழுத்தம் முதல் அசையில்: டெஸ்-டி-ட்யூட். பெயரடை; முன்னால் ‘த’ சேர்த்தால் அந்த நிலையில் உள்ள மக்கள் எல்லோரையும் குறிக்கும். பின்னால் ‘ஒஃப்’ வந்தால் ‘இன்னது அற்ற’ என்று பொருள். இரக்கமற்ற ஆட்சியைக்கூட அப்படிச் சொல்லலாம். மாதக் கடைசியில் காசு முடிந்துபோனதற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘டெசலேட்’ என்பது வேறு சொல், பாழடைந்த அல்லது தனித்துத் துயருற்ற என்று பொருள். பரீட்சையில் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.